பழைய பிக்கப்புக்கு டர்போ பூட்டுமுன்

உரும்பிராயில் வெங்காயம் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன் போன மாதம் என்னிடம் வந்தான். தகப்பன் காலத்து ஹைலக்ஸ் ஒன்று வைத்திருக்கிறான். ரொயோற்றாவின் 3எல் டீசல் எஞ்சின், டர்போ இல்லாதது. யாழ்ப்பாணத்துக்குள் ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஏ9 வீதியில் தம்புள்ளைவரை சமதரை, அங்கேயும் பிரச்சினை இல்லை. மாத்தளை தாண்டி அக்குறணைப் பக்கம் ஏறத் தொடங்கினால்தான் கஷ்டம். ஒரு தொன் வெங்காயத்தோடு இரண்டாம் கியரில் முக்கி முக்கி ஏறும். பின்னால் வரும் பஸ் விடாமல் ஹோர்ன் அடிக்கும்.

"அண்ணை, ரீகண்டிஷன் எஞ்சினிலை கழட்டின டர்போ ஒண்டு கிடைச்சிருக்கு. பூட்டினா இழுக்குமோ?" என்று கேட்டு, யூரியாச் சாக்கில் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான்.

இழுக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் டர்போவைப் பூட்டுவது இரண்டு மூன்று நாள் வேலைதான். அது கொண்டுவரப்போகும் வெப்பத்தை எஞ்சின் தாங்குமா என்று பார்த்து, தாங்கும்படி செய்வதுதான் மிச்ச வேலை முழுவதும். அவனுக்கு அன்று பின்னேரம் சொன்னதையே இங்கே விரித்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாளிலிருந்து, பழைய பிக்கப்பையே இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் உதவும்.

முதலில் எஞ்சின் மூச்சுவிடுவதைப் பார்ப்போம். 3எல் எஞ்சினின் கொள்ளளவு 2779 சிசி, ஏறத்தாழ 2.8 லீற்றர். நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் என்பதால் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றும் அடி அச்சு, இரண்டு சுற்றுச் சுற்றும்போதுதான் நாலு சிலிண்டரும் ஆளுக்கொரு தடவை காற்றை இழுத்து முடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் 1500 தடவை 2.8 லீற்றர், அதாவது நிமிடத்துக்கு 4200 லீற்றர். கராஜ்களில் நிற்கும் 200 லீற்றர் ஒயில் பரலால் அளந்தால் 21 பரல் காற்று! உண்மையில் அவ்வளவும் உள்ளே போவதில்லை. பில்டர், குழாய், வால்வு எல்லாம் தடுப்பதால் நூற்றுக்கு எண்பது, எண்பத்தைந்துதான் போய்ச் சேரும்.

பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் வெளியே இருக்கும் வளிமண்டலம்தான் காற்றை உள்ளே தள்ளுகிறது. கடல் மட்டத்தில் அந்தத் தள்ளுதல் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல், கராஜ் மொழியில் 14.7 பிஎஸ்ஐ. யாழ்ப்பாணம் கடல் மட்டத்தில் கிடப்பதால் எங்களுக்கு அது முழுதாகக் கிடைக்கிறது. நுவரெலியாவில் 12 கூட இல்லை. மலையில் எஞ்சின் சோர்வதற்கு ஏற்றம் மட்டும் காரணமில்லை. மூச்சும் அங்கே குறைவு.

காற்று எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் எரிபொருள் எரியும். ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று வேண்டும். டீசல் எஞ்சினில் நடைமுறையில் அதைவிடக் கூடவே வேண்டும். இல்லாவிட்டால் கறுப்புப் புகை. ஏற்றத்தில் பையனின் ஹைலக்ஸ் விட்ட புகையும் அதுதான்: டீசல் போனது, அதை எரிக்கக் காற்று காணவில்லை. டீசலைக் கூட்டுவது சுலபம், டீசல் பம்ப்பில் ஒரு ஸ்குரூவைத் திருப்பினால் போதும். காற்றைக் கூட்டுவதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தைத் தீர்க்க வந்ததுதான் டர்போ. இரண்டு நத்தை ஓடுகளை முதுகோடு முதுகாக ஒட்டிவைத்ததுபோல இருக்கும். ஒரு பக்கம் வார்ப்பிரும்பு, மறுபக்கம் அலுமினியம். இரண்டுக்குள்ளும் ஒவ்வொரு சிறிய விசிறி; இரண்டையும் சேர்ப்பது ஒரே அச்சு, நம் சுண்டுவிரல் அளவுகூட இராது. எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான புகை இரும்புப் பக்கத்து விசிறியைச் சுற்றும். அதே அச்சில் இருக்கும் அலுமினியப் பக்கத்து விசிறி வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். டீசலில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட சைலன்சரால் வெளியே வெப்பமாகப் போய்விடுகிறது. போகிறதில் கொஞ்சத்தைப் பிடித்துக் காற்றடிக்கப் பயன்படுத்தலாம் என்று சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரெட் பூக்கி 1905-இல் காப்புரிமை எடுத்தார். கார்களுக்கு அது வரப் பல காலம் பிடித்தது. அமெரிக்காவில் 1962-இல்தான் டர்போ வைத்த கார்கள் கடைக்கு வந்தன.

அந்தச் சிறிய அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுற்றும். ஒரு வினாடிக்கு ஆயிரத்தறுநூறு தடவைக்கும் அதிகம். இதை நினைவில் வையுங்கள், ஒயிலைப் பற்றிச் சொல்லும்போது திரும்ப வருவேன்.

டர்போ கூடுதலாகத் தரும் அழுத்தத்தை பூஸ்ட் என்பார்கள். புகை கூடக் கூட விசிறி வேகமாகச் சுற்றும், பூஸ்ட் ஏறும், எரிவது கூடும், இன்னும் புகை வரும். இந்தச் சுழலை நிறுத்த வேஸ்ட்கேட் என்று ஒரு சிறிய கதவு இருக்கிறது. ஸ்பிரிங்கால் மூடியிருக்கும், குறித்த பூஸ்ட் வந்ததும் திறந்து, மிச்சப் புகையை விசிறியில் படாமல் வெளியே விட்டுவிடும். பழைய டர்போ வாங்கினால் இந்தக் கதவு துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று முதலில் கையால் அசைத்துப் பாருங்கள். மூடியபடி இறுகியிருந்தால் பூஸ்ட்டுக்கு எல்லையே இராது.

டர்போவின் அளவும் முக்கியம். லொறியில் கழற்றியது மலிவாகக் கிடைக்கிறது என்று பிக்கப்பில் பூட்டினால், விசிறி பெரிது, அதைச் சுற்ற இந்த எஞ்சினின் புகை காணாது. 3000 சுற்றுவரை ஒன்றும் நடக்காது. சுமையோடு ஏற்றம் ஏறுகிறவனுக்கு 1800, 2000 சுற்றிலேயே பூஸ்ட் வர வேண்டும். ஆகவே 2.4, 2.5, 2.8 லீற்றர் டீசல் எஞ்சினில் இருந்து வந்த டர்போதான் பொருத்தம். பையன் கொண்டுவந்தது அந்த அளவுதான், நல்லவேளை.

சரி, எவ்வளவு பூஸ்ட்? உள்ளே ஒன்றும் மாற்றாத எஞ்சினுக்கு 7 பிஎஸ்ஐ, அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருக்கும். வளிமண்டலத்தின் 14.7-உடன் 7-ஐச் சேர்த்தால் 21.7, அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அழுத்தம். "அப்ப ஒண்டரை மடங்கு காத்து, ஒண்டரை மடங்கு பவர்" என்று பையன் உடனே கணக்குப் போட்டான். அங்கேதான் வெப்பம் குறுக்கே வருகிறது.

சைக்கிளுக்குக் காற்றடித்தவர்களுக்குத் தெரியும், பத்து அடி அடித்ததும் பம்ப்பின் அடிப்பக்கம் சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். எங்கள் ஊர்ப் பகலில் 30 பாகைக் காற்றை 7 பிஎஸ்ஐக்கு அமுக்கினால், சாதாரண டர்போவில் அது 85 பாகை அளவில் வெளியே வரும். சூடான காற்று விரியும். விரிந்தால் அதே இடத்துக்குள் குறைவான காற்றே அடங்கும். கணக்குப் பார்த்தால் ஒன்றரை மடங்கு என்று நினைத்தது ஒன்றேகால் மடங்காகக் குறைந்துவிடும். இடையில் ஒரு இன்டர்கூலர் வைத்து, அதாவது காற்றுக்கென்று ஒரு ரேடியேற்றர் வைத்து, 50 பாகைக்கு இறக்கினால் 1.4 மடங்குக்குக் கிட்ட வரும். கிடைக்கும் கூடுதல் காற்றை விடவும், முன்னையதைவிட 35 பாகை சூடு குறைந்த காற்று சிலிண்டருக்குள் போகிறதே, அதற்காகவே இன்டர்கூலரை வையுங்கள் என்பேன். முன் கிறிலுக்குப் பின்னால், நேராகக் காற்றுப் படும் இடத்தில். பொனட்டுக்குள் எஞ்சினுக்கு மேலே மூடிவைத்தால் அது எஞ்சின் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் அடுப்பாகிவிடும்.

இப்போது பெற்றோலா டீசலா என்பது. இரண்டுக்கும் டர்போ ஒன்றுதான், ஆபத்து வேறு வேறு. இதை மாறி விளங்கிக்கொண்டு எஞ்சினைக் கெடுத்தவர்கள் உண்டு, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை எங்கள் வயதுக்காரர் பார்த்திருக்கிறோம். சில துளி பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்த எஞ்சின்கள் அதைத் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் கொம்பிரஷன், அதாவது பிஸ்டன் மேலே வந்து அமுக்கும் அளவு, குறைவு. பெற்றோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் கலந்தே உள்ளே போகின்றன. அந்தக் கலவையை அளவுக்கு மீறி அமுக்கினால், பிளக் பொறி வைத்த தீ பரவி முடிவதற்குள் மூலையில் கிடக்கும் கலவை தானாக வெடிக்கும். டக் டக் என்று சுத்தியலால் தட்டுவதுபோலக் கேட்கும். நொக்கிங் என்பது அதுதான். மண்ணெண்ணெய் இதில் மிகவும் மோசம், ஒக்ரேன், அதாவது நொக்கிங்கைத் தாங்கும் அளவு, அதற்குக் குறைவு. புதிய எஞ்சினில் அதை ஊற்றியிருந்தால் பிஸ்டன் உடைந்திருக்கும்.

டர்போ செய்வதும் இதே வேலைதான். உள்ளே போகுமுன்பே காற்றை அமுக்கித் தருவதால், பெற்றோல் எஞ்சினின் கொம்பிரஷனைக் கூட்டியதுபோல ஆகிறது. ரொயோற்றாவே 1980களின் நடுவில் ஹைலக்ஸின் 22ஆர் பெற்றோல் எஞ்சினுக்கு டர்போ வைத்து அமெரிக்காவில் விற்றது; 135 குதிரைவலு. அதைச் செய்யும்போது, 9-க்கு மேல் இருந்த கொம்பிரஷன் விகிதத்தை 7.5 ஆகக் குறைத்தார்கள். தயாரித்த கொம்பனியே பிஸ்டனை மாற்றித்தான் டர்போ வைத்தது. எனவே பெற்றோல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பூஸ்ட்டை 5 பிஎஸ்ஐ அளவில் வைத்து, 92-ஐ விட்டு 95 ஒக்ரேன் ஊற்றி, பொறி விழும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி, எரிபொருளையும் கூடும் காற்றுக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். பெற்றோல் எஞ்சினில் பூஸ்ட்டின்போது எரிபொருள் குறைந்தால் சூடு ஏறும், நொக்கிங் வரும். கார்பரேற்றர் எஞ்சினாக இருந்தால், உண்மையைச் சொல்கிறேன், விட்டுவிடுங்கள். அந்தக் காசுக்கு வேறு நல்ல வேலைகள் செய்யலாம்.

டீசல் இதற்கு நேர் எதிர். காற்று மட்டும்தான் உள்ளே போய் அமுக்கப்படுகிறது. டீசல் கடைசி நேரத்தில்தான் பீச்சப்படுகிறது. முன்கூட்டி வெடிக்க அங்கே எரிபொருளே இல்லை. அதனால்தான் 3எல் எஞ்சின் காற்றை 22 மடங்கு அமுக்குகிறது, ஒன்றும் ஆவதில்லை. டீசல் எஞ்சினுக்குக் காற்றுக் கூடினால் நல்லது, குளிரும். எரிபொருள் கூடினால்தான் சூடு ஏறும். பெற்றோலில் எரிபொருள் குறைந்தால் ஆபத்து, டீசலில் கூடினால் ஆபத்து. இந்த ஒரு வரியைக் கராஜ் சுவரில் எழுதி வைக்கலாம்.

கொக்குவில் பக்கம் ஒரு கராஜில் நான் ஒரு பிஸ்டனைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். டர்போ பூட்டி, "நல்லா இழுக்கட்டும்" என்று பம்ப் ஸ்குரூவை ஒன்றரைச் சுற்றுக் கூட்டிவிட்ட வண்டியினுடையது. மேற்பரப்பு மெழுகுதிரி உருகி வழிந்ததுபோல ஒரு பக்கம் குழிந்திருந்தது. விளிம்பில் அலுமினியம் துளித்துளியாக உறைந்து கிடந்தது. விரலால் தடவினால் மணல்போலக் கரகரத்தது. அலுமினியம் 660 பாகையில் உருகும். டீசல் எஞ்சினின் புகை ஏற்றத்தில் அதைத் தாண்டும். கணத்துக்குக் கணம் குளிர்ந்த காற்று வருவதாலும் அடியில் ஒயில் தெறிப்பதாலும்தான் பிஸ்டன் பிழைத்துக்கொள்கிறது. விடாமல் பத்து நிமிடம் மிதித்தால் அந்தப் பிழைப்பும் போய்விடும்.

ஆகவே டீசல் வண்டிக்கு டர்போ பூட்டுகிறவர்கள் பூஸ்ட் மீற்றருக்கு முன்பே, புகைச் சூட்டை அளக்கும் மீற்றரை வாங்க வேண்டும். அதன் ஊசியை டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மனிபோல்ட்டில் துளைபோட்டு இறக்குங்கள். ஏற்றத்தில் அது 700 பாகையைத் தொடப் பார்த்தால் காலை எடுக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் 100, 150 பாகை குறைத்துக் காட்டி ஏமாற்றிவிடும்.

டர்போவோடு வந்த எஞ்சின்களின் டீசல் பம்ப்பின் மேல் ஒரு தட்டையான மூடி இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர்த் தகடு. பூஸ்ட் வந்த பிறகுதான் அது டீசலைக் கூட்டும். டர்போ இல்லாத எஞ்சினின் பம்ப்பில் இது கிடையாது. அதில் ஸ்குரூவைக் கூட்டினால் பூஸ்ட் வருமுன்பே டீசல் கூடிவிடும், சந்தியில் எடுக்கும்போதெல்லாம் கறுப்புப் புகை. வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தோற்றால் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது என்பதையும் யோசியுங்கள். முதல் ஆயிரம் கிலோமீற்றருக்குப் பம்ப்பைத் தொடாமலே ஓடிப் பாருங்கள். ஏற்றத்தில் வந்த புகை காணாமல் போயிருக்கும். புகையாகப் போன டீசல் இப்போது இழுவையாக வருகிறது. பலருக்கு அதுவே போதும். அதற்கு மேல் வேண்டுமானால் டர்போ எஞ்சினின் பம்ப்பைத் தேடி எடுத்து, பம்ப் வேலை தெரிந்தவரிடம் கொடுத்து அளந்து பூட்டுங்கள். 90 குதிரைவலு எஞ்சினில் கால்வாசி கூடினால் மனம் நிறைய வேண்டும்.

ஒயிலுக்கு வருகிறேன். லட்சம் சுற்றுச் சுற்றும் அந்த அச்சுக்குப் பெயரிங் என்று இருப்பது, சாதாரண டர்போக்களில், மெல்லிய ஒயில் படலம்தான். அச்சு ஒயிலில் மிதக்கிறது. எஞ்சினின் ஒயில் பிறஷர் வரும் இடத்தில் இருந்து ஒரு மெல்லிய குழாய் டர்போவுக்குப் போகும். திரும்பி வரும் குழாய் தடிப்பாக, எங்கும் தொய்யாமல், மேலிருந்து கீழாகச் சரிந்து, எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் சம்ப்பில், ஒயில் மட்டத்துக்கு மேலே போய் விழ வேண்டும். திரும்பும் ஒயிலைத் தள்ள எதுவும் இல்லை, தானாக வடிந்துதான் போக வேண்டும். இந்தக் குழாயை மட்டத்துக்குக் கீழே செருகிவிட்டு, நீலப் புகை வருகிறது, டர்போ பழுது என்று புதிதாக இன்னொன்று வாங்கியவர்கள் இருக்கிறார்கள். டர்போவில் பழுதில்லை, ஒயில் வடிய வழியில்லாமல் பெயரிங்கைத் தாண்டிக் கசிந்தது, அவ்வளவுதான்.

பழைய டர்போவை வாங்கும்போது, கொழும்பில் பழைய பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் என்றாலும் இங்கே என்றாலும், அச்சைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். கைக்குத் தெரியும்படி அசைந்தால் வேண்டாம். பக்கவாட்டில் ஒரு சொட்டு ஆட்டம் இருக்கலாம், ஒயில் வந்தால் அது நிரம்பிவிடும். ஆனால் அழுத்திச் சுற்றும்போது விசிறி ஓட்டில் உரசக் கூடாது. விசிறி நுனிகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடித்ததுபோல இருந்தால் ஏதோ உள்ளே போயிருக்கிறது.

டர்போ வந்தபின் பழக்கமும் மாற வேண்டும். ஏற்றம் ஏறி முடித்த கையோடு எஞ்சினை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒயில் பம்ப் நிற்கும், சிவந்த சூட்டில் இருக்கும் டர்போவுக்குள் ஒயில் தேங்கிக் கருகிக் கரியாகும். ஒன்றிரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விடுங்கள். ஒயிலை 5000 கிலோமீற்றரில் மாற்றியவர் 3000-இல் மாற்றுங்கள்.

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணத்தவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் தோண்டியவை. தேத்தண்ணிக்குக் கொதிக்கவைக்கும் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவுதான் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் ரேடியேற்றரிலும் எஞ்சின் பிளொக்குக்குள்ளும் படிகிறது. கேத்தலில் படிந்தால் தண்ணீர் கொதிக்கப் பிந்தும். எஞ்சினில் படிந்தால் சூடு வெளியேறாது. டர்போ இல்லாதவரை இது பெரிதாகத் தெரியாமல் போகும். டர்போ வந்து, கூடுதல் டீசல் எரிந்து, கூடுதல் சூட்டை அதே ரேடியேற்றர் வெளியேற்ற வேண்டி வரும்போது சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கஸ்கட் போகும், மோசமென்றால் ஹெட்டிலேயே வெடிப்பு விழும். டர்போவுக்கு வைத்திருக்கும் காசில் முதல் பங்கு ரேடியேற்றரைக் கழற்றி உள்ளே துப்புரவாக்குவதற்கு. பிறகு கூலன்ட்டும் வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள். கிணற்று வாளியை வண்டிக்குக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

கிளட்ச், பிறேக் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை: வேகமாக ஏறுகிற வண்டி இறங்கவும் வேண்டும், இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். காப்புறுதிக் கொம்பனிக்கும் அறிவித்துவிடுங்கள். டர்போவோடு வந்த வேறு எஞ்சினையே முழுதாக மாற்றினால் இன்னும் நல்லது, அதில் பிஸ்டனும் பம்ப்பும் அதற்கென்றே செய்யப்பட்டிருக்கும். ஆனால் எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்த வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இருக்கிற எஞ்சின் நலமா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து அந்த வாயில் தலைகீழாக வையுங்கள். மெல்ல நடுங்கினால் பரவாயில்லை. புகையோடு துள்ளி விழுந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட எஞ்சினுக்கு டர்போ பூட்டுவது இளைப்பு நோயாளியை ஓட்டப் போட்டிக்கு அனுப்புவதுபோல. பிறகு கொம்பிரஷன் மீற்றர் வைத்து நாலு சிலிண்டரையும் அளக்க வேண்டும். எண்ணிக்கை எவ்வளவு என்பதைப்போலவே நாலும் ஒத்துப்போகிறதா என்பதும் முக்கியம்.

பையனின் ஹைலக்ஸை நாங்கள் போன ஞாயிறு அளந்தோம். முதலாம் சிலிண்டர் 440 பிஎஸ்ஐ, இரண்டாவது 430, நாலாவது 435. மூன்றாவதில் 350-தான் வந்தது. கொஞ்சம் ஒயில் விட்டு மறுபடி அளந்தும் ஏறவில்லை. ரிங்கில் பழுதென்றால் ஏறியிருக்கும், எனவே வால்வு அல்லது கஸ்கட். ஹெட்டை இறக்கி வைத்திருக்கிறோம். நீரோடும் துவாரங்கள் பாதி வெள்ளையாக அடைபட்டுக் கிடந்தன. பையன் ஒரு ஸ்குரூ டிறைவரால் சுரண்டிச் சுரண்டி உள்ளங்கையில் தட்டி எனக்குக் காட்டினான். முட்டைக் கோதுபோலத் தகடு தகடாக வந்தது. டர்போ இன்னும் யூரியாச் சாக்குக்குள்தான் இருக்கிறது. ஹெட் வேலை முடிந்து, ரேடியேற்றர் வந்து, வெறும் வண்டியோடு ஆனையிறவுவரை போய்ச் சூட்டைப் பார்த்துத் திரும்பியபின் அதை எடுப்போம்.